வளர்ந்துவரும் சந்தை நிதியம்: அமெரிக்காவில் பதிந்ததா, அயர்லாந்தில் பதிந்ததா?

கட்டாரிலோ குவைத்திலோ உழைத்து, மிச்சம் பிடித்த காசை அங்கேயே டொலராக வைத்திருக்கும் கிண்ணியா, மூதூர், திருகோணமலை நகர ஆட்களுக்கானது இந்த ஒப்பீடு. ஊரில் இருந்துகொண்டு ரூபாயை வெளியே அனுப்பி முதலிடுவது வேறு கதை. அது 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வரும். விதிகள் அவ்வப்போது மாறும். வங்கியில் கேட்காமல் இறங்க வேண்டாம்.

பல நாட்டுக் கம்பனிகளின் பங்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பங்குபோலச் சந்தையில் விற்பதுதான் நிதியம். போட்டி அப்படியான இரண்டுக்கு நடுவே. ஒன்று வன்காட்டின் வி.டபிள்யூ.ஓ.; அமெரிக்காவில் பதிந்தது, நியூயோர்க்கில் வாங்குவது. மற்றது ஐஷேர்ஸின் ஈ.ஐ.எம்.ஐ.; அயர்லாந்தில் பதிந்தது, லண்டனில் வாங்குவது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம்.

உள்ளே இருக்கும் சரக்கில் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டிலும் சீனா, தாய்வான், இந்தியா பெரும் பங்கு. இரண்டிலும் தாய்வானின் சில்லுத் தயாரிப்பாளர் டி.எஸ்.எம்.சி. தலையில் நிற்கும். பிரிவது தென்கொரியாவில். எந்தக் கம்பனிகளை வாங்குவது என்று சொல்லும் பட்டியல்தான் சுட்டெண். வி.டபிள்யூ.ஓ. பின்பற்றும் எஃப்.டி.எஸ்.ஈ. சுட்டெண் 2009 முதல் கொரியாவை வளர்ந்த நாடாகக் கொள்கிறது; ஈ.ஐ.எம்.ஐ. பின்பற்றும் எம்.எஸ்.சி.ஐ. சுட்டெண் இன்னும் வளர்ந்துவரும் நாடாகவே வைத்திருக்கிறது. அதனால் சாம்சங் ஈ.ஐ.எம்.ஐ.யில் உண்டு, வி.டபிள்யூ.ஓ.வில் இல்லை. அடுத்த பத்து வருடத்தில் இது யாருக்கு இலாபம் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. இலங்கையை இரண்டு சுட்டெண்காரருமே, வளர்ந்துவரும் சந்தைக்கும் கீழ்ப்படியான எல்லைப்புறச் சந்தை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே சீனக்குடாவில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து இவற்றுக்குள் வராது. எண்ணெய்த் தாங்கி வைத்திருக்கும் லங்கா ஐ.ஓ.சி.யும் வராது, ஆனால் அதன் தாய்க் கம்பனி இந்தியன் ஒயில் வரும்!

கட்டணத்தில் வி.டபிள்யூ.ஓ. மலிவு: வருடத்துக்கு 0.1 வீதத்துக்கும் குறைவு. ஈ.ஐ.எம்.ஐ. 0.18 வீதம். பலரும் இந்த இலக்கத்தைப் பார்த்தவுடன் முடிவெடுத்துவிடுகிறார்கள். பிழை அங்கேதான்.

அமெரிக்க நிதியம் தரும் பங்கிலாபத்தில், அந்நாட்டவர் அல்லாதவருக்கு 30 வீதம் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவார்கள். அமெரிக்கர் அல்லாதவர் தரகரிடம் கொடுக்கும் டபிள்யூ-8பென் படிவம் நிரப்பினால் குறையும் என்பார்கள். வசிக்கும் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இருந்தால்தான் குறையும். கட்டார், குவைத், எமிரேட்ஸ், சவூதி எதற்கும் அது இல்லை. 20,000 டொலர் போட்டு, பங்கிலாபம் 3 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 600 டொலர். அதில் 180 போய்விடும். கட்டணத்தில் மிச்சம் பிடித்தது 20 டொலரளவு. தாய்வானும் இந்தியாவும் எடுக்கும் வரி இரண்டு நிதியத்துக்கும் பொது. அயர்லாந்து நிதியத்தில் அதற்கு மேல் இன்னொரு வெட்டு இல்லை. ஈ.ஐ.எம்.ஐ. பங்கிலாபத்தைக் கையில் தராமல் உள்ளேயே திரும்ப முதலிடும்.

இதைவிடப் பெரிய விடயம், கணக்கு வைத்திருப்பவர் இறந்துபோனால் நடப்பது. அமெரிக்கக் குடிமகனோ வதிவாளரோ அல்லாதவரின் அமெரிக்கச் சொத்து 60,000 டொலரைத் தாண்டினால் மரணச் சொத்து வரி உண்டு. உச்ச விகிதம் 40 வீதம். வி.டபிள்யூ.ஓ.வுக்குள் இருப்பது சீனப் பங்காக இருந்தாலும் நிதியம் அமெரிக்கப் பதிவு, ஆகவே அமெரிக்கச் சொத்து. அப்பிள், டெஸ்லா பங்கு வைத்திருந்தால் அதையும் கூட்ட வேண்டும். மொத்தம் 1,00,000 டொலர் என்றால், வேறு கழிவு இல்லாதபோது வரி 10,800 டொலர்.

காசைவிட அலைச்சல் பெரிது. ஒன்பது மாதத்துக்குள் அந்த மரணச் சொத்து வரிக்கான 706-என்.ஏ. படிவம் போக வேண்டும். சொத்தைக் கைமாற்றலாம் என்ற அமெரிக்க இறைவரித் திணைக்களத்தின் சான்றிதழ் வரும்வரை தரகர் கணக்கைப் பூட்டி வைத்திருப்பார். மரணச் சான்றிதழையும் நீதிமன்றக் கடிதத்தையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி, ஊரிலிருக்கும் மனைவிதான் இதற்கெல்லாம் ஓட வேண்டும். இருவர் பெயரில் கணக்குத் திறந்தால் தப்பலாம் என்பதும் நிச்சயமில்லை. மற்றவர் போட்ட காசு எவ்வளவு என்று நிரூபிக்காவிட்டால் முழுவதையும் இறந்தவருடையதாக எடுக்கலாம். அயர்லாந்து நிதியத்துக்கும் தரகர் உரிமைப் பத்திரம் கேட்பார், ஆனால் அமெரிக்க வரிக்காரர் நடுவில் வரமாட்டார். தொகை பெரிதென்றால் இந்தப் பகுதியை வரிச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

பெயரை நம்பி வாங்க வேண்டாம். ஒரே கம்பனி இரண்டு நாட்டிலும் நிதியம் நடத்துகிறது. விபரத்தாளில், நிதியத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஐ.என். இலக்கத்தின் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள்: ‘ஐ-ஈ’ என்றால் அயர்லாந்து, ‘யூ-எஸ்’ என்றால் அமெரிக்கா. அடுத்து, இதே அயர்லாந்து நிதியம் லண்டனில் இரண்டு குறியீட்டில் ஓடுகிறது: ஈ.ஐ.எம்.ஐ. டொலரில், ஈ.எம்.ஐ.எம். பவுணில். டொலர் வைத்துக்கொண்டு பவுண் குறியீட்டில் வாங்கினால் நாணய மாற்றுக்கு வீணாகக் காசு போகும். சந்தை விலையில் ஓடர் போடாமல், விலை எல்லை குறித்துப் போடுங்கள்.

வட்டி வங்கிப் பங்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஐஷேர்ஸிடமே எம்.எஸ்.சி.ஐ. வளர்ந்துவரும் சந்தை இஸ்லாமிய நிதியமும் இருக்கிறது. அதுவும் அயர்லாந்துப் பதிவு. கட்டணம் அதிகம், கம்பனிகளின் எண்ணிக்கை குறைவு.

ஏற்கெனவே வி.டபிள்யூ.ஓ. வைத்திருப்பவர் மாறலாம். வளைகுடாவில் வசிப்பவர் பங்கு விற்று வரும் இலாபத்துக்கு அமெரிக்கா பொதுவாக வரி எடுப்பதில்லை. தரகர் லண்டன் சந்தையைத் திறந்து தருவாரா, விற்ற காசு கையில் சேருமுன் வாங்க விடுவாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். லண்டன் மாலை நான்கரைக்கு மூடும். நியூயோர்க் திறப்பது பெரும்பாலும் லண்டன் நேரம் பிற்பகல் இரண்டரைக்கு. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றை விற்று மற்றதை வாங்கினால் இடையில் விலை ஏறிவிடுமோ என்ற பயம் இல்லை.