எண்ணூர்க் கழிக்கு எந்தக் கேமரா: ஐந்து பட்டையா, 270 பட்டையா?

கொசஸ்தலையாறு கடலில் சேருமுன் எண்ணூர்க் கழியாக விரிகிற இடத்தை மேலிருந்து படம் பிடித்து, எங்கே அனல் மின் நிலையச் சாம்பல், எங்கே சாக்கடை, எங்கே பாசி என்று பிரித்துக் காட்ட வேண்டும். எங்கள் நான்கு பேருக்கும் இதுதான் வேலை. செயற்கைக்கோள் படம், ட்ரோனில் ஐந்து பட்டை மல்டிஸ்பெக்ட்ரல் கேமரா (ஒளியை ஐந்து நிறப் பட்டைகளில் மட்டும் பதிவது), வாடகைக்கு ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா (நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரித்துப் பதிவது) என மூன்றையும் இரண்டு வருஷமாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். அகன்ற கழிக்கு இப்போது ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்தான் என்பேன்.

செயற்கைக்கோளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சென்டினல்-2 படங்கள் இலவசம், 5 நாளுக்கு ஒருமுறை வருகின்றன, 13 பட்டைகள் உண்டு. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதன் மிகத் துல்லியமான பட்டையிலும் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். பக்கிங்ஹாம் கால்வாயின் அகலம் அதில் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும், கரையின் நிறமும் சேர்ந்து கலங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும்.

விலையில் போட்டியே கிடையாது. ஐந்து பட்டை சில லட்சத்தில் முடியும். ஹைப்பர்ஸ்பெக்ட்ரலைச் சொந்தமாக வாங்கப் பல பத்து லட்சம் வேண்டும். அதனால்தான் வாடகை.

இனி முடிவை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன்: தண்ணீர்ப் படங்களை ஒரே படமாக ஒட்டுவது. வயலுக்கும் கட்டடத்துக்கும் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு படத்தில் தெரியும் வரப்பு, கல், மரம் அடுத்த படத்திலும் தெரியும். மென்பொருள் அவற்றைப் பிடித்துக்கொண்டு படங்களைச் சேர்த்துவிடும். எங்கள் ஐந்து பட்டை கேமரா 120 மீட்டர் உயரத்தில் எடுக்கும் ஒரு படம் தரையில் ஏறக்குறைய 100 மீட்டருக்கு 80 மீட்டர். கழியின் நடுவில் போனால் படம் முழுக்கத் தண்ணீர்தான். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. முதல் தடவை 600-க்கும் மேற்பட்ட படங்களைக் கொடுத்துவிட்டு இரவெல்லாம் காத்திருந்தோம். காலையில் பார்த்தால் இரண்டு கரையும் அழகாக வந்திருந்தன, நடுவில் ஆறு ஓட்டை ஓட்டையாக இருந்தது. எதைப் பார்க்கப் போனோமோ அது மட்டும் இல்லை.

ஜிபிஎஸ் குறிப்பை வைத்தே அடுக்கலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தோம். பட்டைக்கு ஒன்றாக உள்ள ஐந்து லென்ஸும் சற்றுத் தள்ளித் தள்ளி இருப்பதால், ஐந்து பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தவே படத்தில் ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அலையோ நொடிக்கு நொடி இடம் மாறுகிறது. பொருந்தாத இடத்தில் கணக்குப் போட்டால் பாசி இல்லாத இடத்தில் பாசி தெரிகிறது.

நாங்கள் எடுத்த ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா படமாக எடுப்பதில்லை; ட்ரோன் நகர நகர ஒவ்வொரு வரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கு 640 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியின் அலைநீளத்தில் 400 முதல் 1000 நானோமீட்டர் வரை 270 பட்டைகள், எல்லாம் ஒரே லென்ஸ் வழியாக. வரி எடுத்த கணத்தில் ட்ரோன் எங்கே இருந்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதும் கூடவே பதிவாகிறது. அதை வைத்தே வரி தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். தண்ணீரும் தரையும் அதற்கு ஒன்றுதான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 120 மீட்டர் உயரத்தில் சாய்வை 1 டிகிரி தப்பாகக் கணித்தால் தரையில் 2 மீட்டர் தள்ளிப்போகும். கேமராவும் சாய்வை அளக்கும் கருவியும் ஒரே தகட்டில் இம்மியும் அசையாமல் இறுகியிருக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு முறையும் கரையில் இரண்டு பழைய வேட்டிகளை நீளமாக, நேராக விரித்து அதன்மேல் ஒருமுறை பறக்கவிடுவோம். படத்தில் வேட்டியின் ஓரம் நெளிந்தால் திருகுகளைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீருக்குப் போவோம்.

பட்டைகளின் பயனையும் சொல்ல வேண்டும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று வரைகோடு போட்டால், பாசியின் பச்சையம் 675 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கி 700, 710 பக்கம் மேடு காட்டும். நீலப்பச்சைப் பாசிக்கு 620 அருகே ஒரு பள்ளம் உண்டு. எங்கள் ஐந்து பட்டை கேமராவின் சிவப்பு 634-ல் தொடங்கி 666-ல் முடிகிறது; அடுத்த பட்டை 714-ல்தான் தொடங்குகிறது. மூன்றும் இடைவெளியில் விழுந்துவிடுகின்றன. சாம்பலுக்கு அப்படிப் பள்ளமும் மேடும் இல்லை, எல்லாப் பட்டையிலும் ஒளியைச் சற்றுத் தூக்கிவிடும். காட்டுக்குப்பத்தில் எங்களைப் படகில் கூட்டிப்போகும் அண்ணன், "தம்பி, தண்ணி வெளுத்து நின்னா இறங்காதே, முழங்கால் வரைக்கும் சாம்பல்தான்" என்பார். அவர் காட்டிய இடங்களில் வரைகோடு அப்படித்தான் தட்டையாக உயர்ந்து நின்றது.

ஆனால் கேமரா மேல்நீரைத்தான் பார்க்கிறது. கரைந்த உலோகமோ அம்மோனியாவோ தெரியாது. அதற்குப் பாட்டிலில் நீர் எடுத்து ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியதிலிருந்து எல்லோரும் எண்ணெய் பற்றிக் கேட்கிறார்கள். எண்ணெய்ப் படலத்தின் தடிமனுக்கு 1200, 1700 நானோமீட்டர் பக்கம் பார்க்க வேண்டும். இந்தக் கேமரா 1000-லேயே நின்றுவிடும். நீர் வற்றும்போது வெளியே தெரியும் காக்கா ஆழி என்ற அந்நியச் சிப்பியின் திட்டுகளை ஒரே ஒரு காலைதான் எடுத்தோம். பிரித்துக் காட்டுவதுபோல இருந்தது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எந்தக் கேமராவானாலும் காலை எட்டரையிலிருந்து பத்துக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். தண்ணீர் கண்ணாடியாகப் பளிச்சிடும். அப்புறம் கடல்காற்று வந்தால் அலை. பறக்குமுன் வெள்ளைப் பலகையைப் படம்பிடிக்க மறக்கக் கூடாது; அன்றைய வெளிச்சத்தை அதை வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் தூக்கும் ட்ரோன் 2 கிலோவைத் தாண்டிவிடும். 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும். பக்கத்திலேயே துறைமுகமும் அனல் மின் நிலையமும் இருப்பதால் வான்வெளி வரைபடத்தையும் முதலில் பார்த்துவிடுங்கள். ஹைப்பர்ஸ்பெக்ட்ரலில் நொடிக்கு 100 வரி வீதம் பத்து நிமிஷம் பறந்தால் 20 ஜிபி சேரும்.

ஓட்டேரி நல்லா என்ற குறுகிய ஓடைக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ என்றால் எங்கள் ஐந்து பட்டையைத்தான் எடுத்துப்போவேன். அங்கே ஒவ்வொரு படத்திலும் இரண்டு கரையும் விழுந்துவிடும், படங்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.