டார்ச் விளக்குக்கு எந்தத் தட்டு: அலுமினியமா, தாமிரமா?

டார்ச் விளக்கின் எல்இடி ஒரு சிறு உலோகத் தட்டின்மேல் சால்டர் செய்யப்பட்டிருக்கும்; அதன் வெப்பம் அந்தத் தட்டு வழியாகவே வெளியேறுகிறது. எக்ஸ்எம்-எல் என்ற உயர்திறன் வகை எல்இடி ஒன்றில் 3 ஆம்பியர் பாயும்போது ஏறத்தாழ 10 வாட் செலவாகிறது. அதில் பெரும்பகுதி, தோராயமாக 7 வாட், வெப்பமாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. சாதாரண அலுமினியத் தட்டில் இந்த வெப்பம் உலோகத்தை அடையுமுன் மெல்லிய மின்காப்புப் படலம் ஒன்றைக் கடக்கிறது. 5 மி.மீ. சதுர அடிப்பரப்பு, 0.1 மி.மீ. தடிமன், 2 வாட்/மீ.கெ. (மீட்டர்-கெல்வினுக்கு வாட்) வெப்பக் கடத்துதிறன் என்று கணக்கிட்டால், அந்தப் படலம் மட்டுமே எல்இடியை 14 டிகிரி வரை கூடுதலாகச் சூடாக்கும்; மேலுள்ள செப்புத் தடம் வெப்பத்தைப் பரப்புவதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும்.

நேரடி வெப்பப் பாதையுள்ள தாமிரத் தட்டிலோ எல்இடியின் நடுத்திண்டு (அடியில் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பரப்பு) படலமின்றித் தாமிரத்தோடு நேராகச் சால்டர் செய்யப்படுகிறது. தாமிரத்தின் கடத்துதிறன் 400 வாட்/மீ.கெ. அளவில் இருப்பதைப் பலர் புகழ்கிறார்கள். ஆனால் உண்மையான ஆதாயம் படலம் நீங்கியதில்தான் இருக்கிறது. படலத்துடன் வரும் தாமிரத் தட்டை வாங்குவது, என் பார்வையில், வீண் செலவு.

இரண்டையும் சோதிக்க, ஒரே தொகுதி எல்இடிகளை ஒரே வெப்பத்தாங்கியில் (வெப்பத்தை வாங்கிப் பரப்பும் உலோகக் கட்டியில்) பொருத்தி, மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை நிலைத்த பிறகே லக்ஸ் மீட்டரை (ஒளியளவியை)ப் படிக்க வேண்டும். 1 ஆம்பியருக்குக் கீழே வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. மேலே போகப் போக அலுமினியத் தட்டின் ஒளிக்கோடு (மின்னோட்டத்துக்கேற்ப ஒளியளவைக் காட்டும் வரைகோடு) முன்னதாகவே வளைந்து சரியும். தட்டில் பொருத்தும்போது, சால்டர் உருகியதும் எல்இடியை இடுக்கியால் மெல்ல அழுத்தி, விளிம்பில் சிறு மணிகள் பிதுங்குவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் தடித்த சால்டர் தங்கினால் தாமிரத்தின் பலனில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.