கைக்குழந்தைகளுக்கு ‘டிரெய்ன்டு மிஸ்’ தருகிறோம் என்று வரும் ஏஜென்சி: காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் கவனத்துக்கு

காரைக்குடியில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் காப்பகத்துக்கு ஆசிரியை பிடித்துத் தருவதாக ஒரு ஏஜென்சி பணம் வாங்கி ஏமாற்றிவிட்டது. பேரைப் போடவில்லை. போட்டாலும் அடுத்த மாதமே வேறு போர்டு மாட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் உதவும். புதுவயல், கோட்டையூர், தேவகோட்டை பக்கம் பழைய வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்துக் காப்பகம் தொடங்கியிருப்பவர்கள் படியுங்கள். 2017 மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தத்திலிருந்தே 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பக வசதி இருந்தாக வேண்டும். அதற்காக அவசரம் அவசரமாக ஆள் தேடும் மில், ஆஸ்பத்திரி நிர்வாகிகளும் படியுங்கள். அவசரப்படுகிறவர்கள்தான் இவர்களுடைய முதல் குறி.

நாங்கள் கேட்டது ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஒருவரை. வாட்ஸ்அப்பில் வந்த பயோடேட்டா எல்லாவற்றிலும் ‘மாண்டிசோரி டிரெய்ன்டு’, ‘போலீஸ் வெரிஃபைடு’ என்ற இரண்டு வரி தவறாமல் இருந்தது. பதிவுக் கட்டணம், ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான சர்வீஸ் சார்ஜ், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று எல்லாவற்றையும் ஆள் வருவதற்கு முன்பே ஒரு தனிநபரின் ஜி.பே. எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். பில் கேட்டால் ‘ஆடிட்டர் அனுப்புவார்’ என்றார்கள். பில் கடைசிவரை வரவில்லை.

வந்தவர் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. எல்.கே.ஜி. பிள்ளைகளை நன்றாக நடத்தக்கூடிய பெண். ஆனால் எட்டு மாதக் குழந்தையின் கையில் பால் பாட்டிலைக் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு ரைம்ஸ் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவருடைய முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் பாதியை ஏஜென்சிக்குத் தர எழுதி வாங்கியிருந்தார்கள், அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைத்திருந்தார்கள். ஆளை மாற்றித் தரச் சொன்னபோது ‘அனுப்புகிறோம் சார், அனுப்புகிறோம் மேடம்’ என்றே 90 நாளை ஓட்டினார்கள். பிறகுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள்: ஆள் தானாக விட்டுப் போனால்தான் மாற்று ஆள் உண்டு, நிறுவனம் வேண்டாம் என்றால் கிடையாது.

பணம் போனதைவிடப் பெரிய ஏமாற்று, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான படிப்பைக் கைக்குழந்தைகளுக்கான படிப்பாக விற்றது. தொடக்கக் கல்விப் பட்டயம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. பி.எட். அதற்கும் மேல். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரிக்கும் இரண்டாண்டு முன்பருவக் கல்விப் பட்டயம் நல்ல படிப்புதான், ஆனால் அதன் நோக்கம் நர்சரி, கே.ஜி. வகுப்புகள். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து பயிற்சி நடத்தியதால் அந்தப் பெயருக்கு நம் ஊரில் தனி மதிப்பு உண்டு. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், தடை கிடையாது. அதனால்தான் தபால் வழியில் மூன்று மாத டிப்ளமோ எல்லாம் விற்கிறார்கள். அவர் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கமே பிறப்பு முதல் மூன்று வயதுவரைக்கு ஒரு டிப்ளமோ, மூன்று முதல் ஆறுவரைக்கு வேறொரு டிப்ளமோ என்று பிரித்துத்தான் தருகிறது. ஆகவே சான்றிதழைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியவை: எந்த வயதுப் பிரிவுக்கு? எத்தனை மணி நேரம் பிள்ளைகளோடு இருந்து செய்முறைப் பயிற்சி? எந்தக் காப்பகத்தில்? மூன்றாவது கேள்விக்கு ‘ஆன்லைன்தான் சார்’ என்று பதில் வந்தால், இந்த வேலையைப் பொறுத்தவரை அந்தப் பேப்பரால் பயனில்லை.

பல்கலைக்கழகச் சான்றிதழ் என்றால் சம்பந்தப்பட்ட தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் உண்மைத்தன்மை கேட்டு எழுதலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் பேரில் காட்டினால் ஊருக்குள்ளேயே விசாரித்துவிடலாம். பட்டயம் என்றால் அந்த நிறுவனத்தின் பெயர் ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வேலை பார்த்த இடத்தை விசாரிக்க ஏஜென்சி கொடுக்கும் செல்போன் எண்ணில் கூப்பிடாதீர்கள், அந்தப் பக்கம் பேசுவது அவர்கள் ஆளாகவே இருக்கும். பள்ளியின் போர்டிலோ இணையதளத்திலோ இருக்கும் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டு, எந்த வகுப்பு பார்த்தார், எந்த மாதம் சேர்ந்து எந்த மாதம் போனார், மறுபடி வந்தால் எடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘போலீஸ் வெரிஃபைடு’ என்பது பயோடேட்டாவில் டைப் அடித்த எழுத்து மட்டும்தான். 2020 போக்சோ விதிகள் குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்களில், காப்பகமும் சேர்த்து, ஒவ்வொரு பணியாளருக்கும் காலமுறைப்படி போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்யச் சொல்கின்றன. அந்தப் பொறுப்பு காப்பகம் நடத்துகிறவர்களுடையது, ஏஜென்சியுடையது அல்ல. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பித்து அறிக்கை வாங்கலாம். சமையல்காரர், காவலாளி, வேன் டிரைவருக்கும் சேர்த்து வாங்குங்கள். குழந்தை ஒப்படைக்கப்பட்ட நிறுவனத்தில் வேலை பார்ப்பவரே அதைக் கொடுமைப்படுத்தினால், சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. இதை வேலைக்கு வருகிறவர் முன்னாலேயே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது நல்லது.

அடுத்து டெமோ. ஏஜென்சி அனுப்பும் ஆள் ஃபிளாஷ் கார்டும் பொம்மையுமாக வந்து பதினைந்து நிமிடம் பாட்டுப் பாடிக் கைதட்டு வாங்கிவிடுவார். கைக்குழந்தை வேலையில் பாட்டு ஒரு பங்குதான். மீதியெல்லாம் பால், டயப்பர், தூக்கம், அழுகை. அதனால் டெமோவைக் காலை 10 மணியிலிருந்து 12 வரை வையுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் இவை எல்லாமே ஒரு சுற்று வந்துவிடும். பழைய ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், புதியவரிடம் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. அன்றைக்கு ஒரு நாள் கூலியையும் கொடுத்துவிடுங்கள்.

அவர் வாயைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். டயப்பர் மாற்றும் முன் தேவையான எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையைக் கிடத்துகிறாரா, கிடத்திவிட்டுத் துணியைத் தேடிப் போகிறாரா? மேடையில் கிடக்கும் குழந்தை மேலிருந்து ஒரு கையை எடுக்கவே கூடாது. பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், மாற்றித் துடைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்கிறாரா? தூக்கும் முன் ‘வாடா தங்கம், தூக்கட்டுமா’ என்று முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசுகிறவர் இந்த வேலைக்கு ஏற்றவர். பின்னாலிருந்து வந்து வெடுக்கென்று தூக்குபவர் எத்தனை டிப்ளமோ வைத்திருந்தாலும் வேண்டாம்.

பால் கலக்கச் சொல்லிப் பாருங்கள். கொதித்து, 70 டிகிரிக்குக் கீழே போகாத தண்ணீரை அளந்து முதலில் ஊற்றி, பிறகு பவுடரை டப்பாவோடு வந்த கரண்டியில் மேல்மட்டம் வழித்துப் போட வேண்டும். பவுடரைப் போட்டுவிட்டுக் குறி வரை தண்ணீர் ஊற்றினால் அளவு தப்பும். தண்ணீர் கூடினால் பிள்ளை எடை போடாது, பவுடர் கூடினால் மலம் கட்டும், உடம்பில் நீரும் வற்றும். ஆறவைத்து மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும். மடியில் தலை உயர வைத்துத்தான் புகட்ட வேண்டும். குடித்து மீந்ததை மறுபடி கொடுக்கவே கூடாது. அம்மாக்கள் பீய்ச்சி அனுப்பும் தாய்ப்பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் காரைக்குடியில் அதை நம்ப முடியாது, வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

தூங்கவைப்பதில் பார்க்க வேண்டியது, மல்லாக்கப் படுக்க வைக்கிறாரா என்பது. ஒரு வயதுவரை கெட்டியான விரிப்பு போதும், தலையணையும் முகத்தருகே துணியும் கூடாது. தூளியில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதைப் பல வீடுகளில் சாதாரணமாகச் செய்கிறோம். காப்பகத்தில் அதை அனுமதிக்காதீர்கள்.

பேச்சுவாக்கில் ஒரு கேள்வி போடுங்கள்: “பிள்ளை தூங்கவே மாட்டேங்குது, என்ன செய்வீங்க?” பதிலில் சளி சிரப் என்ற சொல் வந்தால் அத்தோடு எழுப்பி அனுப்பிவிடலாம். பிள்ளையைத் தூங்கவைக்க இருமல் மருந்து ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023-இலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது. இன்னொரு கேள்வி: “அப்பத்தா உரைமருந்தும் தேனும் கொடுத்து விட்டிருக்காக, கொடுப்பீங்களா?” ஒரு வயதுக்குள் தேன் தொடவே கூடாது, போட்டுலிசம் என்ற நச்சு வரும் அபாயம் உண்டு. அப்பத்தாவிடம் இதை முகம் கோணாமல் எப்படிச் சொல்வார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். அந்தச் சாமர்த்தியமும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

புரையேறினால் என்ன செய்வார் என்பதை வாயால் சொல்லவிடாமல் பொம்மையில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறத் தாங்கி, தலை தாழ வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. அடைத்தது வெளிவரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும், கூடவே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளும். டப்பாவில் வரும் சீப்புச்சீடை, தேன்குழல், முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை எல்லாமே தவழும் பிள்ளைக்கு ஆபத்து. திருப்பி அனுப்பத் தெரிந்தவர் வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் காப்பகம் வைத்திருப்பவர்கள், வந்தவரை வீடு முழுக்க ஒரு சுற்று நடக்கவிட்டு ‘இங்கே பிள்ளைக்கு எதெல்லாம் ஆபத்து?’ என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர் வளவில் (நடுமுற்றத்தில்) இறங்கும் படியையும் மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தையும் முதலில் காட்டுவார். ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல், உயரமான நிலைப்படி, நடை பழகும் பிள்ளையின் நெற்றி உயரத்தில் ஆடும் ஊஞ்சல் பலகை என்று அடுத்தடுத்து வரும். எங்களுக்கு வந்தவர் சுவரில் சார்ட் எங்கே ஒட்டலாம் என்று கேட்டார்.

ஏஜென்சி இன்னொன்றும் சொல்லும்: “ஒரு மிஸ் இருந்தா பதினஞ்சு பிள்ளையைப் பாத்துக்குவாங்க.” மத்திய அரசின் காப்பக வழிகாட்டு நெறிகளே மூன்று வயதுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒரு பயிற்சி பெற்றவர், கூட ஓர் உதவியாளர் என்கின்றன. அதுவே எங்கள் பார்வையில் அதிகம். தவழாத பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒருவர் இல்லாமல் நாங்கள் சேர்க்கை போடுவதில்லை. தீப்பிடித்தால் ஒருவரால் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று பாருங்கள், கணக்கு தெரிந்துவிடும்.

ஏஜென்சி மூலம்தான் எடுப்பது என்றால் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: சேர்ந்த அன்று ஒரு பங்கு, 30 நாள் முடிந்ததும் ஒரு பங்கு, 90 நாள் முடிந்ததும் மீதி. முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. வாங்கினால் 15 இலக்க எண்ணோடு பில் வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான எண் 33 என்றுதான் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யார் பேரில் இருக்கிறது என்று வந்துவிடும். மாற்று ஆள் பற்றிய வரியில் ‘எக்காரணத்தாலும், நிறுவனம் வேண்டாம் என்று சொன்னாலும்’ என்று எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் மாற்றுவது, மாற்றாவிட்டால் எவ்வளவு திரும்பத் தருவது என்பதும் எழுத்தில் வேண்டும். வேலைக்கு வருகிறவரிடமிருந்து ஏஜென்சி எதுவும் பிடிக்காது, அசல் சான்றிதழ் அவர் கையிலேயே இருக்கும் என்ற வரியும் சேருங்கள். பாதிச் சம்பளம் ஏஜென்சிக்குப் போகும் ஆள் அடுத்த மாதமே வேறு இடம் தேடுவார். பிள்ளைகளுக்கு முகம் பழகிய நேரத்தில் ஆள் மாறினால் மறுபடி முதலிலிருந்து அழுகைதான்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வாட்ஸ்அப் பேச்சு, ஜி.பே. ரசீது, ஒப்பந்தம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, 15 நாள் கெடு போட்டு ஏஜென்சி முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். பணம் வாங்கியதும் போனை அணைத்துவிட்டார்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் சொல்லுங்கள். வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் எடுத்து ஏமாந்த பெற்றோர் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போகலாம். தொழிலாக நடத்துகிறவர்களை நுகர்வோர் இல்லை என்று எதிர்த் தரப்பு வாதாடும், அதனால் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு போங்கள். எங்கள் பணம் இன்னும் வரவில்லை. சான்றிதழ்களைத் தராவிட்டால் போலீஸ் புகார் என்று அந்தப் பெண்ணை விட்டுப் பதிவுத் தபால் எழுதவைத்தோம், அவை மட்டும் கூரியரில் வந்து சேர்ந்துவிட்டன.