80 சதவீத வரம்பா, முழு சார்ஜா?

மடிக்கணினியை எந்நேரமும் மின் இணைப்பில் வைத்து சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதா, அல்லது 100 வரை ஏற்றி, இணைப்பைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிவிட்டு மீண்டும் ஏற்றுவதா என்று பலரும் தடுமாறுகிறார்கள்.

தேய்மானம்

வரம்பு: இன்றைய மடிக்கணினி பேட்டரிகளில் உள்ள லித்தியம்-அயனி செல் முழுதாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் பெரும்பாலும் 4.2 வோல்ட்டை எட்டுகிறது; அந்த உச்சத்தில், அதுவும் சூட்டோடு சேர்ந்து, நெடுநேரம் நிற்கும்போது வேண்டாத வேதிவினைகள் வேகமெடுத்துக் கொள்திறனைக் குறைக்கின்றன. 80 சதவீதத்தில் நிறுத்தினால் இந்தப் பாதிப்பு கணிசமாகத் தணிகிறது.

முழு சார்ஜ்: பேட்டரியைத் தேய்க்கும் சார்ஜ் சுழற்சிகள் (மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுழற்சி) கூடிக்கொண்டே போகும்; பாதி பாதியாக இருமுறை செலவழித்தாலும் அது ஒரு சுழற்சியே. முழுதாகத் தீர்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் என்ற பழைய வகை பேட்டரி காலத்து அறிவுரை. இன்றைய பேட்டரிக்கு அது கேடுதான்.

தாங்கும் நேரம்

வரம்பு: ஐந்தில் ஒரு பங்கு குறையும்.
முழு சார்ஜ்: குறைவில்லை.

எளிமை

வரம்பு: அமைப்புகளில் ஒருமுறை மாற்றினால் போதும், ஆனால் எல்லா மாடல்களிலும் அந்த வசதி இல்லை.
முழு சார்ஜ்: நினைவு வைத்துக் கழற்ற வேண்டும், நடைமுறையில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம்.

பெரும்பாலும் மேசையிலேயே வேலை செய்பவருக்கு வரம்பே ஏற்றது. நாள்தோறும் வெளியே அலைபவர் 100 வரை ஏற்றத் தயங்க வேண்டியதில்லை. கிளம்புவதற்குச் சற்று முன்னர் அது நிரம்பும்படி பார்த்துக்கொண்டால், உச்சத்தில் நிற்கும் நேரம் குறையும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் இரண்டுமே வேண்டாம், ஏறத்தாழ 50 சதவீதத்தில் அணைத்துக் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம்.