டிராம்சோவில் இரண்டு மேக இரவுகள்: துருவ ஒளிச் சுற்றுலா பற்றிய மதிப்புரை

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் சென்ற இயற்பியல் ஆசிரியன் நான். சூரியனிலிருந்து புறப்படும் துகள்கள் நம் வளிமண்டலத்தில் மோதி ஒளிர்வதை ஒரு முறையேனும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையுடன், பணி ஓய்வுக்குப் பின் கடந்த பிப்ரவரியில் என் மனைவியுடன் நார்வேயின் டிராம்சோ நகருக்குச் சென்றேன். மதுரையில் உள்ள ஒரு பயண முகவர் செய்து கொடுத்த விசா, விமானம், தங்குமிடம் எதிலும் குறையில்லை. துருவ ஒளிக்காக அவர் சேர்த்திருந்த பேருந்துச் சுற்றுலாதான் ஏமாற்றியது.

முதல் இரவு, நாற்பது பேருடன் கிளம்பிய அந்தப் பேருந்து, நகரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் முன்பே தீர்மானித்த ஓர் இடத்தில் நின்றது. வானம் முழுவதும் மூடிக் கிடந்தது. கே.பி. குறியீடு 4 இருப்பதால் நம்பிக்கையோடு காத்திருக்கும்படி வழிகாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று மணி நேரம் காத்திருந்து திரும்பினோம். புவிக் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் குறியீடு காட்டும், மேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. துருவ ஒளி தோன்றுவது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும்; மேகங்களோ பெரும்பாலும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை. துருவ ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையப் பகுதிக்கு நேர் கீழே இருக்கும் டிராம்சோவுக்குக் குறியீடு 2 இருந்தாலே போதும் என்பதால், மேகம் இல்லாத இடத்தைத் தேடிப் போவதுதான் அங்கே வழிகாட்டியின் உண்மையான வேலை.

மறுநாள் நாங்களே பதிவு செய்த சிறு வேனில் எட்டுப் பேர்தான் இருந்தோம். புறப்படுமுன் அதன் வழிகாட்டிப் பெண்மணி செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, கடற்கரை முழுவதும் மூடியிருப்பதால் பின்லாந்து எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். குமுளியில் மழை கொட்டும் ஜூன் மாதத்தில் மதுரை வெயிலில் காய்வதற்கு என்ன காரணமோ, அதுவேதான் அங்கும்: கடற்காற்றின் ஈரத்தை லிங்கன் மலைகள் வாங்கிக்கொள்வதால், அவற்றுக்குக் கிழக்கே உள்ள ஷிபோட்டன் பள்ளத்தாக்கும் அதற்கு அப்பால் பின்லாந்தில் உள்ள கில்பிஸ்யார்வி என்ற ஊரும் மழை மறைவுப் பகுதிகள்.

ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பயணத்தில் பாதி தூரம் பனி கொட்டியது. ஷிபோட்டனைக் கடந்து மேலேறியபோது ஒன்றிரண்டாக நட்சத்திரங்கள் தெரிந்தன. வண்டி நின்ற இடத்தில் குளிர் மைனஸ் 22 டிகிரி. முதலில் தெரிந்த சாம்பல் நிறக் கீற்றை மேகம் என்றே நினைத்தேன்; முக்காலியில் வைத்த கேமரா பத்து விநாடி ஒளியை வாங்கியதும் திரையில் அது பச்சையாக நின்றது. மங்கலான ஒளியில் நம் கண்கள் நிறத்தைச் சரியாக அறிவதில்லை. சற்று நேரத்தில் அந்தக் கேமராவும் தேவைப்படவில்லை. ஆக்சிஜனின் பச்சை ஒளி தலைக்கு மேல் விரிந்து, கீழ் விளிம்பில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பு ஓட, "என்னங்க, யாரோ பட்டுச்சேலையை உதறுற மாதிரி இருக்கே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் மனைவி. பாடப் புத்தகத்தை வைத்து நான் பலமுறை விளக்கிய அந்த நிறங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது நிமிடங்களில் அங்கும் மேகம் வந்து மூடியது.

குளிர் தாங்கும் முழு உடையும் காலணியும் வேன்காரர்களே தந்தனர். சைவர்களுக்குத் தனியாகப் பருப்பு சூப் இருந்தது. படங்களை இரண்டு நாளில் இலவசமாக அனுப்பினர். கட்டணம் பேருந்தைப்போல இரு மடங்கு. திரும்பும்போது அதிகாலை நான்கு மணி ஆகிவிட்டது. வழியில் கழிப்பறை வசதி மிகக் குறைவு என்பது முதியவர்களுக்குச் சிரமம்தான். இதை அந்நிறுவனம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து செல்பவர்கள் முகவரிடம் பேருந்துச் சுற்றுலாவை நீக்கச் சொல்லி, குறைந்தது மூன்று இரவுகளையாவது ஒதுக்கிக்கொண்டு, எல்லை தாண்டிச் செல்லும் வண்டிதானா என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.