சாயம் பிடிக்கும் களிமண்: பச்சை மண்ணா, அமில மண்ணா, சி.டி.ஏ.பி. மண்ணா?

பென்டோனைட் என்னும் களிமண் கழிவுநீரின் சாயத்தை அள்ளிவிடும் என்று காட்டும் சோதனைகளில் பெரும்பாலும் மெத்திலீன் நீலத்தைத்தான் பார்க்கலாம். அது நேர்மின் சாயம். களிமண் தகடுகளோ எதிர்மின் கொண்டவை. ஒட்டாமல் இருந்தால்தான் வியப்பு. திருப்பூரில் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் எதிர்மின் கொண்டது. அந்தக் கழிவுநீரில் பச்சை மண்ணை, அதாவது எதுவும் ஏற்றாத மண்ணைக் கொட்டினால் நிறம் அப்படியே நிற்கும், கலங்கல்தான் கூடும். ஆகவே சாயம் எந்த மின் என்று தெரிந்த பிறகே மண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நேர்மின் சாயத்துக்குப் பச்சை சோடியம் பென்டோனைட்டே போதும், விலையும் குறைவு. ஆனால் அது உப்பி நீரில் மிதக்கும். எளிதில் படியாது, வடிகட்டியை அடைக்கும்.

கந்தக அமிலத்தில் சூடாக்கிய மண்ணில் துளைகள் திறந்து பரப்பு பல மடங்காகும். அளவு மீறினால் தகடு கரைந்து வெறும் சிலிக்காதான் மிஞ்சும். ரியாக்டிவ் சாயத்தை ஓரளவு பிடிக்க நீரின் பி.எச். 3க்கு இறங்க வேண்டும். 10, 11இல் வரும் கழிவுநீரை அங்கே கொண்டுபோகும் அமிலச் செலவே இதைத் தோற்கடிக்கும். சமையல் எண்ணெயை வெளுக்கத்தான் இது பொருத்தம்.

ரியாக்டிவ் சாயத்துக்குச் சரியானது சி.டி.ஏ.பி. ஏற்றிய மண். சி.டி.ஏ.பி. (செட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு) நேர்மின் தலையும் நீண்ட வாலும் கொண்ட, சோப்பு போல நுரைக்கும் பொருள். அயனி மாற்றுத் திறன் (நேர்மின் அயனிகளை மாற்றிப் பிடிக்கும் அளவு) 100 கிராமுக்கு 90 மில்லி ஈக்விவலன்ட் உள்ள மண்ணாக இருந்தால், 100 கிராமுக்கு 33 கிராம் சி.டி.ஏ.பி. அந்தத் திறனுக்கு ஒரு மடங்கு, 49 கிராம் ஒன்றரை மடங்கு. மண்ணை 2 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள்; உலர்ந்த தூளாகப் போட்டால் கட்டி கட்டி, உள்ளே பச்சையாகவே இருக்கும். சி.டி.ஏ.பி.யை வெந்நீரில் கரைத்து (குளிர்ந்தால் படிகமாகிவிடும்) 60 டிகிரியில் மெல்ல ஊற்றி 3 மணி நேரம் கலக்குங்கள். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டு வெளிர்மஞ்சள் படிவு வருவது நிற்கும்வரை கழுவி, 60 டிகிரியில் உலர்த்துங்கள்.

ஒரு மடங்கில் மண்ணின் மின் ஏறக்குறைய நடுநிலையாகும். அதற்கு மேல் போனால் இரண்டாம் அடுக்கு உருவாகி நேர்மின் தலைகள் வெளியே நிற்கும். சாயம் நன்றாகப் பிடிக்கும். அந்த அடுக்கின் பிடி தளர்வு. கழன்று வரும் சி.டி.ஏ.பி. உயிரியல் தொட்டியின் பாக்டீரியாவைக் கொல்லும், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வில் ஒட்டி அதைக் கெடுக்கும். கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற 2011 சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் ஆர்.ஓ.வை நம்பியிருக்கும் திருப்பூர் ஆலைகளுக்கு இது பெரிய ஆபத்து. அங்கே, மண் எவ்வளவு மலிவாக இருந்தாலும், நடுத்தரத் துளையுள்ள கிளர்வுற்ற கரியையே (ஆக்டிவேட்டட் கார்பன்) எங்கள் கை தேடும். கரியைச் சுட்டுப் புதுப்பிக்கலாம், சி.டி.ஏ.பி. மண்ணைச் சுட்டால் ஏற்றியதே எரிந்துபோகும். சாயமேற்றும்போது போடும் உப்பை மண்ணும் எடுக்காது, கரியும் எடுக்காது.

வாங்குமுன் 100 மில்லி கழிவுநீரில் 0.1, 0.2, 0.5 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கலக்கிப் பாருங்கள். வடிதாள் வேண்டாம், அதுவே சாயத்தை உறிஞ்சும், சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். தெளிந்த நீரை மூடிக் குலுக்குங்கள். மண் போடாத கழிவுநீரில் இல்லாத நுரை இதில் எழுந்து நின்றால், மண் சி.டி.ஏ.பி.யை விடுகிறது.