வேட்டிக்குள் ஒரு யூரின் பை: அப்பாவுக்கு வாங்கிப் பார்த்தவை

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) எடுத்ததிலிருந்து அப்பாவுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. இருமினால் சொட்டும், பேத்தியைத் தூக்கினால் நனைந்துவிடும். இடுப்புத்தளப் பயிற்சி (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) செய்தால் பலருக்குச் சில மாதங்களில் நன்றாகக் குறையும் என்கிறார் டாக்டர். சரி, அதுவரைக்கும்? டயபர் கட்டிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அதனால்தான் காண்டம் கதீட்டரும் (ஆணுறை மாதிரி மாட்டும் உறை, நுனியிலிருந்து குழாய் வழியாகச் சிறுநீர் பைக்குப் போகும்) காலில் கட்டும் பையும்.

முதலில் வாங்கியது லேடெக்ஸ் உறை, தனியாக ஒட்டுப்பட்டை சுற்றுகிற வகை. மருந்துக்கடையில் "மீடியம் கொடுங்க" என்று குத்துமதிப்பாக வாங்கியது என் தப்பு. ரெண்டு மணி நேரத்தில் நழுவிவிட்டது. இதில் அளவு என்பது நீளம் இல்லை, குறுக்களவு, மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். பெரிதானால் ஒழுகும், சிறிதானால் இறுக்கும். நழுவுகிறதே என்று சாதாரண பிளாஸ்டரை மேலே இறுக்கிச் சுற்றிவிடாதீர்கள், ரத்த ஓட்டம் நின்று புண்ணாகிவிடும்.

அப்புறம் மாறியது உள்ளேயே பசை உள்ள சிலிக்கான் உறைக்கு. விலை கூடுதல்தான், ஆனால் அரிப்பு இல்லை, கண்ணாடி மாதிரி இருப்பதால் தோல் சிவந்தால் வெளியிலிருந்தே தெரிகிறது. முடியைக் கத்தரித்து, தோலை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, நுனியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு மாட்டினால் ஒரு நாள் முழுக்க நிற்கிறது. ஒரே குறை, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் குழாய் மடிந்துகொள்கிறது. போன சிறுநீர் திரும்பி வந்து உறை பலூன் மாதிரி உப்பிவிடும்.

காலில் கட்டும் பைதான் மோசம். நிறைந்தால் முக்கால் கிலோ, ரப்பர் பட்டை வியர்வையில் வழுக்கிக் கணுக்காலுக்கு இறங்கிவிடுகிறது. அம்மா பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து பைக்கு ஒரு துணியுறை தைத்துக் கொடுத்த பிறகுதான் பிளாஸ்டிக் தோலில் ஒட்டுவது நின்றது. இதைவிடப் பெரிய கோளாறு பையைக் காலி செய்ய அடியில் இருக்கும் திறப்புக் குழாய். அதன் நெம்புகோல் லேசாக இடித்தாலே திறந்துகொள்ளும். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் பந்தியிலிருந்து எழும்போது வேட்டிக் கரை அதில் மாட்டி, பாயெல்லாம் ஈரம். அப்பா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, பக்கத்தில் இருந்த டம்ளரைக் கவிழ்த்து "ஐயோ, தண்ணியைத் தட்டிட்டேன்" என்றார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன்.

கிளாம்ப்பும் ஒன்று வாங்கினோம், ஆணுறுப்பைக் கவ்விப் பிடிக்கும் ஸ்பாஞ்சு வைத்த கருவி. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றியே ஆக வேண்டும், அங்கே உணர்வு குறைந்தவர்களுக்கு ஆகாது. "துணி காயப்போடுற கிளிப்பா இது?" என்று அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிட்டார்.

இப்போது பகலில் சிலிக்கான் உறையும் சின்னப் பையும், பாதிக்கு மேல் நிறையவிடாமல் காலி செய்துவிடுகிறோம். இரவில் கட்டில் சட்டத்தில் தொங்கும் 2 லிட்டர் பை, அது அருமை, குறையே இல்லை. இவையெல்லாம் படுத்திருக்கும் ஆளுக்காகச் செய்தவை போலிருக்கிறது, தரையில் உட்கார்ந்து எழுகிறவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அப்பா முப்பது வருடம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். காலி அட்டைப்பெட்டியின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் பைக்கு ஒரு திறப்புக் குழாய் வரைந்து வைத்திருக்கிறார்: அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும், கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். சிலிக்கான் உறைக்கு மூன்றரை நட்சத்திரம், காலில் கட்டும் பைக்கு ஒன்றரை.